கேட் பாஸில் பல் வலி

பயிற்சி தொடங்கி நான்காவது ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். என் தாளில் மூன்று பெயர்கள் இருந்தன. முதல் பெயரைப் படித்ததும் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன். அந்தப் பெயருக்கு உரியவரின் தையலை இரண்டு நாள் முன்னால்தான் நான் திருப்பி அனுப்பியிருந்தேன். நாலு ஜோடி.

நாங்கள் ஐந்து பேரும் யார் என்று சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சிகிச்சை எடுத்துத் தேறியவர்கள், அல்லது எடுத்துக்கொண்டே நன்றாக இருப்பவர்கள். அதே பாதையில் தடுமாறும் மற்றவர்களுக்குத் துணையாக இருக்க எங்களுக்குப் பயிற்சி. எங்கள் பக்கம் தனி மாவட்டமாகப் பிரிந்து போய்விட்டாலும் வகுப்பு வேலூரில்தான் நடந்தது. ஞாயிறு காலையில் ஆம்பூரில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். கடிதங்களில் எங்களுக்கு இருந்த பெயர் ‘சக ஆதரவாளர்’. எங்களில் ஒருவர் லாரி ஓட்டுகிறவர். முதல் நாளே எழுந்து, “இன்னா மேடம் இது, கட்சில சேத்த மாதிரி இருக்குது. கூட வர்றவங்கன்னு போடுங்க” என்றார். எங்களுக்குள் அதுவே நிலைத்துவிட்டது.

நான் காலணித் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்தவள். ஆம்பூருக்கு மேற்கே, நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து எடுத்து வருவார்கள். அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தையல் கோட்டை விட்டு எங்கே விலகி ஓடிவிட்டதோ அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். இரண்டு வருடத்துக்கு முன் ஐந்து மாதம் நான் எதையும் முடிக்கவில்லை. குளியல், சாப்பாடு, ஆரம்பித்த வாக்கியம், எதையுமே. இப்போது முடிக்கிறேன். பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, முடிக்கிறேன்.

தாளில் இருந்த பெயர் எங்கள் தையல் லைனில் மூன்றாவது மெஷினில் உட்காரும் அக்காவுடையது. மாதனூரிலிருந்து வருவதால் அவரை எல்லோரும் மாதனூர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாதம் ஒரு ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர், போன மாதம் வரவில்லை. வராமல் போனால் யாராவது தன்னைத் தேடி வரலாம் என்று முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்களின் பெயர்களை மட்டும்தான் எங்களிடம் தருவார்கள்.

வகுப்பை நடத்திய சமூகப் பணியாளருக்கு என் வயதுதான். என் முகத்தைப் பார்த்து, “தெரிஞ்சவங்கன்னா மாத்திக்கலாம்” என்றார்.

மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கேட்டேன்: “எத்தன நாள் இருக்கு?”

“அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள ஊசி உள்ள போகணும்னு டாக்டர் எழுதியிருக்காரு. அதுக்கு மேல போச்சுன்னா அவங்களுக்குப் பழையபடி ஆயிடும். இது அவங்களே சொல்லி எழுத வெச்சது.”

பன்னிரண்டு நாள். தாளை மாற்றிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் என் வழக்கமான முன் சீட்டை விட்டுவிட்டு, பின்னால் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். எப்படிப் பேச வேண்டும் என்று ஒன்பது குறிப்புகள் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். ஒன்று, பதற்றமில்லாமல் அறிமுகம். இரண்டு, நலம் விசாரித்தல். அதற்குள் அக்கா டிபன் பையை மடியில் இழுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா மேடம், பஸ்லயும் செக்கிங்கா?”

“இல்லக்கா, சும்மா.”

“சும்மா யாரு வந்து இங்க உக்கார்றாங்க? உங்க ஸ்டாஃப் ஆளுங்களுக்குத்தான் முன்னாடி சீட்டு இருக்குதே.”

ஒன்பது குறிப்புகளும் போன இடம் தெரியவில்லை. குரலைத் தாழ்த்தி, “செவ்வாக்கெழம ஆஸ்பத்திரியில எனக்கும் ஒரு நோட்டு இருக்குதுக்கா” என்றேன். மனநலப் பிரிவில் ஆளுக்கொரு சிகிச்சை நோட்டு போடுவார்கள்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு ஸ்டாப் போயிற்று. பஸ்ஸில் யாரோ போனில் பாட்டுப் போட்டார்கள், யாரோ நிறுத்தச் சொன்னார்கள். பிறகு அவர் வெளியே பார்த்தபடியே கேட்டார்.

“இன்னா கலரு?”

“பச்ச அட்ட. மேல டீ கொட்டி கறையாயிருச்சு.”

“எதுக்குப் போட்டாங்க உனக்கு?”

மேடம் போய் நீ வந்துவிட்டது.

“எதுவும் செய்ய முடியலக்கா. எழுந்திருக்க முடியல. அழுகைகூட வரல.”

“எனக்கு அழுக ஜாஸ்தி. பேச்சு கேக்கும், அப்புறம் அழுக வரும்.” முன்னாலும் பின்னாலும் பார்த்துவிட்டு, “நம்ம கம்பெனில யாருக்காவது தெரியுமா?” என்றார்.

“என்னப் பத்தி யாருக்கும் தெரியாது. இப்ப உங்களுக்குத் தெரியும்.”

“அப்ப நான் உன்ன மாட்டிவுட்டா நீ என்ன மாட்டிவுடுவ.”

“ஆமா.”

அக்கா சத்தமாகச் சிரித்தார். முன் சீட்டில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏன் ஊசிக்குப் போகவில்லை என்று நான் கேட்கவேயில்லை, அவரே சொன்னார். “பல்லு தீந்துபோச்சு.”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கியதும்தான் புரிந்தது. வேலை நேரத்தில் கம்பெனியை விட்டு வெளியே போக கேட் பாஸ் வேண்டும். சூப்பர்வைசர் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதில் காரணம் எழுத வேண்டும், செக்யூரிட்டி அதைச் சத்தமாகப் படித்துத்தான் கேட்டைத் திறப்பார். மருத்துவமனையில் மனநல மேசை செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும். அதனால் ஒவ்வொரு மாதமும் ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா ‘பல் வலி’ என்று எழுதிவிட்டுப் போய் வந்திருக்கிறார். ஒரு வருடத்துக்கு மேல். போன மாதம் பாஸை நீட்டியபோது சூப்பர்வைசர் பாய் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, “இன்னாமா, உன் வாய்ல இன்னும் எத்தினி பல்லுதான் பாக்கி இருக்குது?” என்று கேட்க, லைன் முழுக்கச் சிரித்திருக்கிறது.

“அவரு நல்ல மனுசன், தமாசுக்குத்தான் கேட்டாரு. நானும் சிரிச்சேன். பாஸை வாங்கிக் கிழிச்சிப் போட்டுட்டு மெஷின்ல போய் உக்காந்துக்கினேன். இனிமே இன்னா எழுதறது?”

ஆம்பூர் நெருங்கியதும் சொன்னார்: “முன்ன ஒரு தபா ரெண்டு மாசம் ஊசி வுட்டுட்டேன். மூணு நாள் ஜோலார்பேட்டை ஸ்டேஷன்லயே உக்காந்திருந்தேனாம். எனக்கு ஞாபகமே இல்ல. எம்பொண்ணு அப்போ அஞ்சாவது. அவதான் அவங்க அப்பாகூட வந்து என்னைக் கண்டுபுடிச்சா. இப்ப பத்தாவது படிக்கறா, பரிட்ச வருது. மறுக்கா அவ ஸ்டேஷன் ஸ்டேஷனா தேடக் கூடாது. அவ்ளோதான் எனக்கு.”

“இப்ப எப்படி இருக்குதுக்கா?”

“தூக்கம் கம்மி. மெஷினை ஆஃப் பண்ணாலும் உள்ள ஓடிக்கினே இருக்குது. அந்தப் பேச்சு இன்னும் ஆரம்பிக்கல.”

நான் திருப்பி அனுப்பிய நாலு ஜோடியும் நினைவுக்கு வந்தன. நாலிலும் தையல் ஒரே இடத்தில், குதிகால் வளைவில், ஓடியிருந்தது. நான் அம்பு ஒட்டினேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் வந்திருந்தார். பையர் வந்தால் யாருக்கும் பாஸ் கிடையாது. அந்தச் செவ்வாய் அப்படியே போயிற்று. அடுத்த செவ்வாய்க்குள் எழுத ஒரு புதுக் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தால் அக்கா போவார். ஆனால் அது ஒரு மாதத்துக்குத்தான் தாங்கும்.

புதன்கிழமை வேலை முடிந்ததும் ஆம்பூர் ஊருக்குள் இருக்கும் நகர சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே சாயங்காலமும் மருத்துவர் பார்ப்பார், கம்பெனி பஸ் அதன் வாசலிலேயே நிற்கும். இந்த ஊசியை இங்கேயே போட்டால் கேட் பாஸே வேண்டாம். யோசனை எனக்குப் பஸ்ஸில் வந்தது, இறங்கும்போதே ஓட்டமும் நடையுமாகத்தான் இறங்கினேன்.

நர்ஸ் நடுவயதுக்காரர், அளவான பேச்சு. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “அதுக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருக்குதேம்மா” என்றார்.

“ஊசி ஒண்ணுதான சிஸ்டர்?”

“ஊசி ஒண்ணுதான். போட்டப்புறம் அவங்களுக்கு இன்னா ஆகும், கை கால் இழுக்குமா, எந்திரிச்சு என்னை அடிப்பாங்களா, எனக்கு யாரு சொன்னாங்க? சளிக்கும் சுகருக்கும் சொல்லிக் குடுத்திருக்காங்க, இதுக்குச் சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுத்தா போடறேன். தெரியாம கை வைக்க மாட்டேன்.”

வெளியே வந்தேன். கோபம் வரவேண்டும், வரவில்லை. கம்பெனியில் ஒரு ஆபரேட்டர் “எனக்கு இந்த மெஷின் தெரியாது” என்று நேராகச் சொன்னால் அவரை நான் மதிப்பேன். அங்கேயே மரத்தடியில் நின்று சமூகப் பணியாளரைப் போனில் கூப்பிட்டேன். நர்ஸ் சொன்னதை வரி விடாமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. “அடுத்த புதன்கிழமை வேலூர்ல நர்ஸுங்களுக்கு ஒரு நாள் வகுப்பு வெச்சிருக்கோம். அவங்களைச் சேக்கறதுக்கு அனுமதி கேக்கறேன். டாக்டர்கிட்டயும் பேசறேன். ஆனா ஒண்ணு.”

“என்ன?”

“அதுல அரை மணி நேரம் நீங்க பேசணும்.”

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்ன பிறகுதான், நாற்பது பேருக்கு நடுவே நான் யார் என்று என் வாயால் சொல்ல வேண்டியிருக்கும் என்பது உறைத்தது.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பை நான் மறக்க முடியாது. பெயர் சொல்லாமல் ‘பல் தீர்ந்துபோன’ கதையைச் சொன்னேன். நான்கு பேரும் சிரித்தார்கள், ஆனால் அது தெரியாத விஷயத்துக்குச் சிரிக்கும் சிரிப்பு இல்லை. ஒருவர் கண் ஆஸ்பத்திரி என்று எழுதுவாராம். ஒருவர் ரேஷன் கார்டு. தோல் பதனிடும் தொட்டியில் வேலை செய்யும் ஒரு தம்பி, பிள்ளையின் பள்ளிக்கூட மீட்டிங் என்று எழுதுவாராம். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. லாரிக்காரர் முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு, “நான் என் மாமியார ரெண்டு தபா சாவடிச்சிட்டேன். ரெண்டாவது தபா ஓனர் மாலையோட வர்றேன்னுட்டாரு” என்றார். வகுப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

சிரிப்பு அடங்கியதும் நான் மேசைமேல் இருந்த படிவத்தை எடுத்துப் பார்த்தேன். வராமல் போனவர்களின் வீட்டுக்குப் போகும்போது நாங்கள் நிரப்ப வேண்டிய படிவம். ‘வராததற்குக் காரணம்’ என்பதன் கீழே மூன்று கட்டங்கள்: மறதி, பக்கவிளைவு, சிகிச்சையில் நம்பிக்கையின்மை. மூன்றும் நோயாளியின் தப்பு. கேட் பாஸுக்குக் கட்டம் இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தையல்காரர் கையில் தப்பு வந்தால் அவரிடம் போவோம். பத்துப் பேர் கையிலும் ஒரே இடத்தில் தப்பு வந்தால் யாரிடமும் போகமாட்டோம், தோலை வெட்டிய அச்சை எடுத்துப் பார்ப்போம். எழுந்து இதைச் சொன்னேன், கொஞ்சம் வேகமாகவே. சமூகப் பணியாளர் பேனாவை எடுத்துப் படிவத்தில் நான்காவது கட்டம் ஒன்றைக் கையால் வரைந்தார். உள்ளே என்ன எழுதுவது என்று ஐந்து பேரும் சண்டை போட்டோம். கடைசியில் ‘வர முடிகிற நேரத்தில் சிகிச்சை இல்லை’ என்று எழுதினோம்.

அந்த வாரம் பஸ்ஸில் தினமும் அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. “ஆரம்பிச்சிடுச்சா?” என்று கேட்டேன். “கதவாண்ட வந்து நிக்குது” என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு புதுக் காரணத்தை எழுதிக் கொடுத்தேன், தங்கச்சிக்கு வளைகாப்பு என்று. அக்கா பாஸை எடுத்துக்கொண்டு பாய் மேசை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டார். “வாய் தொறக்கவே வரல. எல்லாரும் பல்லையே பாக்கற மாதிரி இருக்குது.”

சிஸ்டருக்கு வேலூர் வகுப்புக்கு அனுமதி கிடைத்திருந்தது; அது முடிந்த மறுநாள், வியாழன் சாயங்காலம், ஆம்பூர் நிலையத்தில் ஊசி என்று அக்காவிடமும் சொல்லியிருந்தேன், இனி அதுதான் வழி.

புதன்கிழமை வேலூர் வகுப்புக்குப் போக எனக்கும் பாஸ் வேண்டும். பேனாவை எடுத்து, காரணம் என்ற இடத்துக்கு நேரே வைத்தேன். உண்மையை எழுதலாம் என்று காலையிலிருந்து தீர்மானித்திருந்தேன். பல் வலி என்றுதான் எழுதினேன். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. பாய் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, “இன்னாது, லைன்ல தொத்திக்கிச்சா?” என்றார்.

வேலூர் கூடத்தில் நாற்பது நர்ஸுகள். இரண்டாவது வரிசையில் ஆம்பூர் சிஸ்டர், மடியில் நோட்டு, என்னை அடையாளம் கண்டு தலையசைத்தார். மருத்துவர் காலையில் மருந்துகளைப் பற்றி விளக்கிவிட்டுப் போயிருந்தார். ஊசி போட்டதும் என்ன நடக்கும், எதைக் கவனிக்க வேண்டும், எப்போது மேலே அனுப்ப வேண்டும் எல்லாம் சொல்லிவிட்டார். நான் எழுந்து, “நான் ஒரு ஷூ கம்பெனியில தரம் பாக்கறவ. ரெண்டு வருசமா மனநலப் பிரிவுல மாத்திரை எடுத்துக்கறேன்” என்றேன். கையில் ஏழு குறிப்புகள் இருந்தன. இரண்டாவதிலேயே ஆம்பூர் சிஸ்டர் கையைத் தூக்கினார்.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்கக் கூடாது. அடிப்பாங்களா?”

கூடத்தில் எல்லோரும் கேட்க நினைத்தது அதுதான். எனக்குப் பதில் தெரிந்திருந்தது, அதற்குக் குறிப்பு தேவைப்படவில்லை.

“நான் உங்க நிலையத்துக்கு வந்தன்னைக்கு, என் பேக்ல இந்த மாத்திரை இருந்துச்சு சிஸ்டர். நீங்க அடிப்பாங்களான்னு கேட்டீங்க. எதிர்ல நின்னுட்டிருந்தது நான்.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, “அட, நல்லா வெச்சிட்டா எனக்கு” என்றார். முதலில் சிரித்தவரும் அவர்தான். அதற்கப்புறம் அரை மணி நேரம் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கேள்விமேல் கேள்வி. காத்திருக்கும்போது பெயரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டுமா, சீட்டில் என்ன எழுதுவது, பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டால் என்ன செய்வது. என் குறிப்புகளில் ஐந்து அப்படியே பாக்கி. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

வியாழன் மதியமே மனநல மருத்துவரின் கடிதமும் மருந்தும் ஆம்பூர் நிலையத்துக்கு வந்துவிட்டன. நான் பாஸ் வாங்கி ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி, நிலையத்தின் வாசலில் நின்றேன். கம்பெனி பஸ் வந்தது. நின்றது. ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். அக்கா இறங்கவில்லை. ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது, என்னைத் தெரியாதவர் போல நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள். மாதனூருக்குப் பஸ் பிடித்து வீட்டுக்கே போகலாமா, போனால் வீட்டில் யார் இருப்பார்கள், மகள் இருந்தால் என்ன சொல்வது என்று வரிசையாக யோசித்தேன். எதையும் எழுதி வைக்கக் கை ஓடவில்லை. உள்ளே சிஸ்டர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.

இருபது நிமிடம் கழித்து எதிர்ப்பக்கமிருந்து அக்கா நடந்து வந்தார். கையில் ஒரு பெரிய கொத்தமல்லிக் கட்டு, முகமெல்லாம் வேர்வை.

“எங்கக்கா போனீங்க?”

“ஆஸ்பத்திரி வாசல்ல எறங்குவாங்களா யாராவது? அடுத்த ஸ்டாப்ல எறங்கினேன். மார்க்கெட்டு போறேன்னு சொல்லிட்டேன், அப்ப வாங்கித்தான ஆவணும்? இல்லன்னா நாளைக்குக் கேப்பாளுங்க.” என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இன்னாடி, அழுவறியா?”

“இல்லக்கா.”

“அழுவ வரலன்னு சொன்ன?”

உள்ளே போனோம். சிஸ்டர் பெயரைக் கூப்பிடவில்லை, எழுந்து வந்து, “வாங்க” என்றார். நிலையத்தின் மருத்துவர் அந்தக் கடிதத்தைப் படித்து, இரத்த அழுத்தம் பார்த்து, தூக்கத்தைப் பற்றி நாலு கேள்வி கேட்டு, போடலாம் என்று கையெழுத்துப் போட்டார். ஊசி அறைக்கு அக்கா என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். சிஸ்டர் மருந்தை இழுத்துக்கொண்டு, இடுப்பின் வலது பக்கம் சுத்தம் செய்யப் பஞ்சை எடுத்தார்.

“சிஸ்டர், எடது பக்கம் போடுங்க” என்றார் அக்கா.

“ஏன், இங்க வலிக்குதா?”

“இல்ல. வலது காலாலதான் மெஷின் மிதிக்கணும். அங்க ஊசி போட்டா ரெண்டு நாளைக்கு மிதி சரியா வராது. தையல் ஓடிப்போவும். அப்பறம் திருப்பி அனுப்புவாங்க.” சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. “பெரிய ஆஸ்பத்திரில கூட்டம் ஜாஸ்தி, சொல்றதுக்குள்ள போட்டுடுவாங்க.”

சிஸ்டர் பஞ்சை இடது பக்கத்துக்கு மாற்றினார். ஊசி போட்டு முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா கண்ணை மூடித் திறந்தார். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லி சிஸ்டர் அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார், நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுத் தானும் எதிரில் உட்கார்ந்தார். நோட்டைத் திறந்து, ‘மெஷின் மிதிக்கும் கால் எது என்று கேட்கவும்’ என்று எழுதிக்கொண்டார்.

“இருபது வருசமா ஊசி போடறேன், இது யாரும் சொன்னதில்ல” என்றார். “எனக்குத் தெரியாதது வேற இன்னா இருக்குது?”

அக்கா கொத்தமல்லிக் கட்டை மடியில் வைத்து, பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட ஆரம்பித்தார்.

“எழுதுங்க” என்றார், “நெறைய இருக்குது.”